பழைய கார்புரேட்டர் பாகங்களைக் காப்புப் படலம் கெடாமல் சுத்தம் செய்தல்: முக்கியக் குறிப்புகள்

மோட்டார் வாகன ஆய்வாளர் நிலை-2, ரயில்வே உதவி லோகோ பைலட் தேர்வின் தொழிற்பிரிவுப் பகுதி, ஐ.டி.ஐ. மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவு ஆகியவற்றுக்குப் படிப்பவர்களுக்கான குறிப்புகள் இவை. கார்புரேட்டர் எப்படி வேலை செய்கிறது என்று கேட்டால் எல்லோரும் சொல்லிவிடுவார்கள். அதை எதில் கழுவலாம், எதில் கழுவக்கூடாது, ஏன் என்று கேட்டால் பலர் தடுமாறுகிறார்கள். வேதியியல் பாடமும் பட்டறைப் பாடமும் சந்திக்கும் இடம் இது. இரண்டையும் தனித்தனியாகப் படித்தவருக்கு விடை கிடைக்காது. உலோகம் எது, அதன்மேல் இருக்கும் படலம் எது என்று தெரிந்துகொண்ட பிறகுதான் கழுவும் திரவத்தைத் தேட வேண்டும். கீழே உள்ள குறிப்புகள் எல்லாம் இந்த வரிசையை ஒட்டியவை.

அடிப்படைத் தகவல்கள்

• மிதவை அறையுடன் கூடிய தெளிப்பு வகைக் கார்புரேட்டர்: வில்ஹெல்ம் மேபாக், ஜெர்மனி, 1893. அதே ஆண்டில் ஹங்கேரியின் டோனாட் பாங்கி, யானோஷ் சோங்கா இருவரும் தங்கள் கார்புரேட்டருக்குக் காப்புரிமை கோரினர்.

• தத்துவம்: பெர்னோலி தத்துவம். வெஞ்சுரியின் குறுகிய கழுத்தில் காற்றின் வேகம் கூடும், அழுத்தம் குறையும். அந்த அழுத்தக் குறைவால் ஜெட் வழியாகப் பெட்ரோல் மேலேறிக் காற்றில் தெளிக்கப்படும்.

• பெட்ரோல் முழுமையாக எரியத் தேவையான விகிதம்: எடைக் கணக்கில் 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல்.

• இந்தியாவில் பி.எஸ்.-6 விதி 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதையொட்டிப் புதிய இரு சக்கர வாகனங்கள் எரிபொருள் உட்செலுத்து முறைக்கு மாறின. இன்று பட்டறைக்கு வரும் கார்புரேட்டர் என்றாலே பெரும்பாலும் அதற்கு முந்தைய வண்டியுடையது, அதாவது பழையது.

• தமிழ்நாட்டுத் தொடர்பு: ஜப்பானின் மிக்குனி நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்து கார்புரேட்டர் தயாரித்த யுகால் நிறுவனத்தின் ஆலை மறைமலை நகரில் உள்ளது. சென்னையில் 1955-ல் தொடங்கிய என்ஃபீல்டு புல்லட் தயாரிப்பின் பிற்கால வண்டிகள் பலவற்றில் இந்த வகைக் கார்புரேட்டரைப் பார்க்கலாம்.

முதலில் உலோகத்தைக் கண்டுபிடி

• கார்புரேட்டர் உடல் பெரும்பாலும் இரண்டில் ஒன்று: துத்தநாக உலோகக்கலவை, அல்லது அலுமினிய உலோகக்கலவை. இரண்டும் டைகாஸ்டிங் முறையில் வார்க்கப்பட்டவை.

• கையில் எடுத்துப் பார்த்தாலே வேறுபாடு தெரியும். துத்தநாகக் கலவையின் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்குச் சுமார் 6.6 கிராம், அலுமினியத்துக்கு 2.7 கிராம், ஜெட் செய்யும் பித்தளைக்குச் சுமார் 8.5 கிராம். உள்ளங்கை அளவுள்ள கார்புரேட்டர் எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தால் அது துத்தநாகம்.

• துத்தநாக வார்ப்புக்குப் பெயர்போன கலவை ஜமாக். அமெரிக்காவின் நியூ ஜெர்சி ஜிங்க் நிறுவனம் 1929-ல் உருவாக்கியது. ஜமாக்-3 என்பதில் அலுமினியம் சுமார் 4 சதவீதம், மக்னீசியம் மிகச் சிறிய அளவு, மீதி துத்தநாகம். ஜமாக்-5 என்பதில் கூடுதலாகச் சுமார் 1 சதவீதம் தாமிரம். உருகத் தொடங்கும் வெப்பநிலை 400 டிகிரி செல்சியஸுக்கும் கீழே. ஆகவே இறுகிப்போன ஸ்க்ரூவைக் கழற்ற கேஸ் விளக்கை உடலின்மேல் நேராகக் காட்டக் கூடாது.

• பழைய வார்ப்புகளில் ஈயம் கலந்திருந்தால் உலோகத்தின் உள்ளேயே, மணிகளுக்கு இடையே அரிமானம் பரவும். வார்ப்பு வீங்கும், மேலெல்லாம் வலைபோல வெடிக்கும். இதைத் துத்தநாக நோய் என்பார்கள். இந்த நோய் கண்ட பாகத்தை எந்தத் திரவமும் காப்பாற்றாது. கழுவுவதற்கு முன்பே பார்த்து ஒதுக்கிவிட வேண்டும்.

• சோக் நெம்புகோல், ஸ்க்ரூ, ஸ்பிரிங் போன்ற எஃகுப் பாகங்கள் துத்தநாக முலாம் பூசி, மேலே மஞ்சள் குரோமேட் ஏற்றியவை. மிகப் பழையவற்றில் காட்மியம் முலாமும் உண்டு. காட்மியம் புற்றுநோய் உண்டாக்கும் பொருள். அத்தகைய பாகத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தூசி கிளப்பக் கூடாது.

அந்தப் பொன்னிறம் என்ன?

பழைய கார்புரேட்டரைச் சன்னலோரம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பாருங்கள். வெளிர் பொன்னிறத்துக்குள் இளஞ்சிவப்பும் பச்சையும் ஓடும், மழைநீரில் எண்ணெய் படர்ந்ததுபோல. இதைப் பெயின்ட் என்று எழுதினாலும் தவறு, தங்க முலாம் என்று எழுதினாலும் தவறு. இது குரோமேட் மாற்றுப் படலம். வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டவைத்தது அல்ல, உலோகத்தின் மேற்பரப்பே வேதிவினையில் மாறி உருவானது. இந்தத் தலைப்பின் உயிர்நாடி இந்த ஒரு கருத்துதான். தேர்வுத் தாளில் இதைப் புரிந்து எழுதியவர் மற்ற விடைகளையும் தாமாகவே எழுதிவிடுவார்.

• துத்தநாகத்துக்கான குரோமேட் முறைகளில் முன்னோடி குரோனாக் முறை. நியூ ஜெர்சி ஜிங்க் நிறுவனத்துக்கு 1936-ல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. லிட்டருக்குச் சுமார் 200 கிராம் சோடியம் டைகுரோமேட்டும் சிறிதளவு கந்தக அமிலமும் கலந்த கரைசலில், அறை வெப்பநிலையில், சில விநாடிகள் மட்டும் முக்கி எடுப்பார்கள்.

• படலத்தின் தடிமன் பொதுவாக 1 மைக்ரானுக்கும் குறைவு. ஒருமுறை முரட்டுத்தனமாகத் தேய்த்தாலே போய்விடும் என்பதற்குக் காரணம் இதுதான்.

• படலத்தில் மும்மதிப்புக் குரோமியமும் அறுமதிப்புக் குரோமியமும் சேர்ந்தே இருக்கும். மும்மதிப்பு வகை கரையாத வலைப்பின்னலாக நிற்கும். அறுமதிப்பு வகை மெல்லக் கரையக்கூடியது. மேற்பரப்பில் கீறல் விழுந்தால் ஈரத்தோடு அந்த இடத்துக்கு நகர்ந்து மறுபடியும் படலம் கட்டும். இதுவே தானே ஆறும் தன்மை.

• வெப்ப எல்லை: சுமார் 60 டிகிரி செல்சியஸ். அதற்கு மேல் நீண்ட நேரம் சூடேறினால் படலத்திலுள்ள நீர் வெளியேறி நுண்ணிய வெடிப்புகள் விழும். ஆறும் தன்மையும் போகும். நிறம் அப்படியே இருக்கும், காப்பு மட்டும் இருக்காது. கண்ணுக்குத் தெரியாத இந்த இழப்பைத் தேர்வில் கட்டாயம் குறிப்பிடுங்கள்.

• நிறமும் காப்பும்: எஃகின்மேல் துத்தநாக முலாமுக்கான ஏ.எஸ்.டி.எம். பி633 தர விதிப்படி, நிறமுள்ள குரோமேட் உப்புத் தெளிப்புச் சோதனையில் 96 மணி நேரம் தாங்க வேண்டும், நிறமற்றது 12 மணி நேரம். சோதனை முறை ஏ.எஸ்.டி.எம். பி117: 5 சதவீத உப்புக் கரைசல், 35 டிகிரி செல்சியஸ்.

• குரோம் முலாமும் குரோமேட் படலமும் வேறு வேறு. கண்ணாடிபோல் மின்னும் குரோம் முலாம் என்பது மின்னாற்பகுப்பில் படியவைத்த உலோகக் குரோமியம், கடினமானது. குரோமேட் என்பது குரோமியச் சேர்மங்களாலான மென்படலம். அனோடைசிங் மூன்றாவது வகை: அலுமினியத்தை நேர்மின்வாயாக வைத்து, கந்தக அமிலத்தில் மின்சாரம் செலுத்தி அதன் ஆக்சைடைத் தடிமனாக வளர்ப்பது. மூன்றையும் ஒன்றாக்கிக் கேட்கும் பொருத்துக வினா எழுதுவது சுலபம், ஆகவே தயாராக இருங்கள்.

ஒரு நடைமுறைச் சிக்கல். பெட்ரோல் காய்ந்த கசடும் தேன்நிறமாகவே இருக்கும். வெறும் சாம்பல்நிற உலோகத்தின்மேல் அது படிந்தால் பொன்னிறப் படலம்போலத் தோன்றும். பிரித்தறிய வழி எளிது. பஞ்சு சுற்றிய குச்சியில் ஒரு துளி அசிட்டோன் தொட்டு, மறைவான மூலையில் மெல்லத் துடையுங்கள். பஞ்சு பழுப்பாகி உலோகம் சாம்பல்நிறமாக வெளிப்பட்டால் அது கசடு. கசடு போன பிறகும் கீழே வானவில் சாயல் தெரிந்தால் அதுதான் காக்க வேண்டிய படலம். கரிமக் கரைப்பானில் குரோமேட் கரையாது என்ற ஒரே உண்மையை நம்பிச் செய்யும் சோதனை இது.

பி.எச். அளவு: மதிப்பெண் இங்கேதான்

• துத்தநாகமும் அலுமினியமும் ஈரியல்பு உலோகங்கள். அமிலத்திலும் கரையும், வலுவான காரத்திலும் கரையும். இரண்டிலும் ஹைட்ரஜன் வாயு வெளிவரும். சோடியம் ஹைட்ராக்சைடுடன் துத்தநாகம் சோடியம் ஜிங்கேட்டையும், அலுமினியம் சோடியம் அலுமினேட்டையும் கொடுக்கும்.

• துத்தநாகத்துக்கு அரிமானம் குறைவாக உள்ள எல்லை பி.எச். சுமார் 6 முதல் 12 வரை. அலுமினியத்துக்குச் சுமார் 4 முதல் 8.5 வரை. இரண்டுக்கும் பொதுவான இடம் ஏறக்குறைய 6 முதல் 8.5. உலோகம் எதுவென்று உறுதியாகத் தெரியாதபோது இந்த எல்லையைத் தாண்டாதீர்கள். படலத்தையும் நினைத்தால் 7-ஐ ஒட்டி நிற்பது இன்னும் நல்லது.

• அப்படிப் பார்த்தால் பட்டறைகளில் கைக்கு எட்டும் பல பொருள்கள் விலக்கப்பட வேண்டியவை. எலுமிச்சைச் சாறும் வினிகரும் புளிக்கரைசலும் பி.எச். 2-லிருந்து 3-ஐ ஒட்டியவை. வாஷிங் சோடா 11 அளவில். காஸ்டிக் சோடா அதற்கும் மேலே.

• புளி போட்டுப் பித்தளைக் குடம் துலக்குவது சரியான வேதியியல். புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் தாமிர ஆக்சைடைக் கரைக்கும், கீழேயுள்ள பித்தளையை அவ்வளவாகத் தொடாது. அதே புளியைத் துத்தநாக உடலில் போட்டால் நேர்மாறு. குரோமேட் படலம் போகும், உலோகமும் கரையும். கழுவி எடுத்த ஒரு நாளுக்குள் கருஞ்சாம்பல் திட்டுகள் தெரியும். எலுமிச்சைச் சாற்றில் கார்புரேட்டரைக் கொதிக்கவிடும் வழக்கம் அமிலம், வெப்பம் என்ற இரண்டு தவறுகளையும் ஒன்றாகச் செய்கிறது. பளபளவென்று வருவது உண்மைதான். அந்தப் பளபளப்பு, காப்பு கழன்ற வெற்று உலோகத்தின் பளபளப்பு.

• என்ஜின் பிளாக் கழுவும் சூடான காஸ்டிக் தொட்டி வார்ப்பிரும்புக்கானது. அதில் கார்புரேட்டரைப் போடக் கூடாது.

அழுக்கு மூன்று வகை

எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் ஒரு வகை. இது மண்ணெண்ணெயிலோ மினரல் டர்பென்டைனிலோ போய்விடும்.

பெட்ரோல் கசடு இரண்டாவது வகை. பெட்ரோலிலுள்ள ஒலிஃபீன்கள் காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து, பல மூலக்கூறுகள் இணைந்து பிசினாகி, பின்பு வார்னிஷ்போல இறுகும். இதை மண்ணெண்ணெய் அசைக்காது. ஒத்தது ஒத்ததைக் கரைக்கும் என்ற விதிப்படி, ஆக்சிஜனேற்றம் அடைந்த முனைவுள்ள கசடுக்கு முனைவுள்ள கரைப்பான் வேண்டும். அசிட்டோன், தின்னர், கார்புரேட்டர் ஸ்பிரே எல்லாம் இந்த வகை.

வெள்ளைத் தூள் மூன்றாவது வகை. இதுதான் கவலை தரக்கூடியது. மிதவைக் கிண்ணத்தின் அடியில், வடிகால் ஸ்க்ரூவைச் சுற்றி, சுண்ணாம்பு உதிர்ந்ததுபோல் இருக்கும். துத்தநாக ஹைட்ராக்சைடும் கார்பனேட்டும் கலந்தது. இது வெளியிலிருந்து வந்த அழுக்கே இல்லை, உலோகமே அரித்துப்போய் உருவானது. நீர் அடியில் தங்கியதால் வந்தது. பெட்ரோலில் கலக்கும் எத்தனால் ஈரத்தை ஈர்க்கும், ஒரு கட்டத்துக்கு மேல் எத்தனாலும் நீரும் சேர்ந்து பிரிந்து அடியில் இறங்கும். இந்தியா 20 சதவீத எத்தனால் கலப்பு இலக்கை 2025-ல் எட்டியது. வருடக்கணக்கில் ஓடாமல் நிற்கும் பழைய வண்டிகளுக்கு இது முக்கியமான செய்தி.

• அங்கே நடப்பது மின்வேதி அரிமானம். திட்ட மின்முனை அழுத்தம்: துத்தநாகம் −0.76 வோல்ட், தாமிரம் +0.34 வோல்ட். வித்தியாசம் 1.10 வோல்ட், டேனியல் மின்கலத்தின் மின்னியக்கு விசையும் அதுவே. பித்தளை ஜெட்டும் துத்தநாகக் கிண்ணமும் ஒரே நீரில் நின்றால் துத்தநாகம் நேர்மின்வாயாகிக் கரையும், பித்தளை தப்பும்.

• வெள்ளைத் தூள் இருக்கும் இடத்தில் படலம் ஏற்கெனவே போய்விட்டது. அந்த இடத்தை மட்டும் மூங்கில் குச்சியாலோ தென்னை ஈர்க்காலோ சுரண்டி எடுக்கலாம். மரநார் துத்தநாகத்தைவிட மென்மையானது, கீறாது. அந்தச் சிறு இடத்துக்காக முழு உடலையும் அமிலத்தில் போடுவது, நன்றாக இருக்கும் பகுதியையும் பறிகொடுப்பதாகும்.

கழுவும் வரிசை

கழற்றும்போதே ஒவ்வொரு நிலையிலும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஏர் ஸ்க்ரூவைக் கழற்றுவதற்கு முன் மெல்ல முழுவதும் உள்ளே திருகி, எத்தனை சுற்று என்று எழுதிவைத்துக்கொண்டு பிறகு வெளியே எடுங்கள். ஓ-ரிங், டயாபிரம், காஸ்கெட், பிளாஸ்டிக் மிதவை எல்லாம் தனித் தட்டுக்குப் போக வேண்டும். அசிட்டோனில் நைட்ரைல் ரப்பர் ஊதிப்போகும், டயாபிரம் சுருங்கும்.

முதலில் மண்ணெண்ணெயில் ஊறவைத்து, மென்மையான நைலான் தூரிகையால் பிசுக்கை எடுக்க வேண்டும், பழைய பல் துலக்கும் தூரிகையே போதும். பிறகு கசடு உள்ள இடத்தில் மட்டும் ஸ்பிரே. கரைப்பானுக்கு நேரம் கொடுங்கள். கசடு இளகி வரும்வரை காத்திருந்தால் தேய்க்கவே வேண்டியிருக்காது. அவசரப்பட்டு இடையில் கம்பித் தூரிகையை எடுப்பவர்களால்தான் பெரும்பாலான படலங்கள் போகின்றன என்பது என் உறுதியான எண்ணம். அடுத்து, வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில துளி விட்டுக் கழுவி, நல்ல நீரில் அலசி, உடனே காற்றடித்து உலர்த்த வேண்டும். நீர்த்துளி தேங்கினால் ஒரு இரவுக்குள் வெள்ளைப் புள்ளி தொடங்கிவிடும். கடைசியாக வெளிப்புறத்தில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு, துணியில் தொட்டுத் துடைத்தால் போதும்.

• காற்றடிக்கும்போது பாதுகாப்பு: அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு விதிப்படி, சுத்தம் செய்யப் பயன்படுத்தும் அழுத்தக் காற்று 30 பி.எஸ்.ஐ.-க்கு மேல் போகக் கூடாது. கண்ணாடி அணிவது கட்டாயம். ஒரு துளை வழியாக அடித்த ஸ்பிரே எதிர்பாராத துளை வழியாக நேராகக் கண்ணுக்கு வரும்.

• பெட்ரோலில் கழுவக் கூடாது. பெட்ரோலின் ஃபிளாஷ் பாயின்ட் சுமார் −43 டிகிரி செல்சியஸ். மண்ணெண்ணெய்க்கு இந்தியத் தர விதி குறைந்தது 35 டிகிரி கேட்கிறது. அசிட்டோன் சுமார் −20. ஆகவே அசிட்டோனும் ஸ்பிரேயும் காற்றோட்டமுள்ள வெளியிடத்தில் மட்டுமே. சித்திரை வெயிலில் நம் ஊரில் மண்ணெண்ணெயும் தன் ஃபிளாஷ் பாயின்ட்டைத் தாண்டும், இதையும் மறக்கக் கூடாது.

• பச்சைத் தேய்ப்பு நாரில் அலுமினியம் ஆக்சைடு துகள் உண்டு, மோ கடினத்தன்மை 9. துத்தநாகத்துக்கு 2.5. மணலுக்கு 7. மணல் வீச்சு, கண்ணாடி மணி வீச்சு எதுவானாலும் படலம் மிஞ்சாது. சமையல் சோடா வீச்சு மென்மையானது (2.5 அளவு), ஆனாலும் 1 மைக்ரான் படலம் அதையும் தாங்காது. துகள் நுண்துளைகளில் தங்கும் ஆபத்தும் கூடவே உண்டு.

• டப்பாவில் வரும் ஊறவைக்கும் திரவம்: பழைய வகைகளில் மெத்திலீன் குளோரைடும் கிரெசைலிக் அமிலமும் இருந்தன. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2024-ல் மெத்திலீன் குளோரைடின் பெரும்பாலான பயன்பாடுகளுக்குத் தடை விதித்தது. எந்தத் திரவமானாலும் டப்பாவில் எழுதியுள்ள நேரத்துக்கு மேல் ஊறவைத்தால் நிறம் மங்கும்.

மீயொலிக் கழுவல்

• மனிதச் செவிக்கு எட்டும் மேல் எல்லை 20 கிலோஹெர்ட்ஸ், அதற்கு மேற்பட்டது மீயொலி. கழுவும் தொட்டிகள் பெரும்பாலும் 40 கிலோஹெர்ட்ஸில் இயங்குபவை. அதிர்வை உண்டாக்குவது பீசோ மின்விளைவு.

• திரவத்தில் நுண்குமிழ்கள் உருவாகி உடையும்போது எழும் அதிர்ச்சியே அழுக்கைப் பெயர்க்கிறது. அதிர்வெண் குறைந்தால் குமிழ் பெரிது, தாக்கம் கடுமை. அதிர்வெண் கூடினால் மென்மை.

• மெல்லிய அலுமினியத் தாளைத் தொட்டியில் தொங்கவிட்டால் சிறிது நேரத்தில் துளை விழும். தொட்டி வேலை செய்கிறதா என்று பார்க்கும் சோதனை அது. எச்சரிக்கையும் அதுவே.

• நடுநிலை பி.எச். திரவம், 40 முதல் 50 டிகிரி, சில நிமிடங்கள், எடுத்துப் பார், தேவையென்றால் மறுபடியும். தொட்டியின் சூடேற்றும் குமிழை 60-க்கு மேல் திருப்பாதே. ஜெட்டுகளை உடலோடு ஒரே கூடையில் போடாதே, நீர்க்கரைசலில் வெவ்வேறு உலோகம் தொட்டுக்கொண்டிருந்தால் மேலே சொன்ன மின்கலக் கதைதான்.

பித்தளையும் ஜெட்டும்

• ஜெட் எண் சில தயாரிப்புகளில் துளையின் விட்டத்தைக் குறிக்கும். கெய்ஹினில் 100 என்றால் 1.00 மி.மீ. அமல் ஜெட்டில் எண் என்பது நிமிடத்துக்கு எத்தனை கன செ.மீ. எரிபொருள் பாயும் என்ற அளவு. இரண்டையும் கலந்து எழுதினால் மதிப்பெண் போகும்.

• எஃகுக் கம்பியை ஜெட்டில் விட்டுக் குடையக் கூடாது. துளையின் விட்டம் 10 சதவீதம் கூடினால் பரப்பு 21 சதவீதம் கூடும், பெட்ரோல் அந்த அளவு அதிகம் பாயும். தூண்டில் நரம்பு அல்லது மின்கம்பியிலிருந்து உருவிய ஒற்றைத் தாமிர இழை போதும்.

• அம்மோனியா கலந்த துப்புரவுத் திரவம் பித்தளைக்கு ஆகாது. தகைவு அரிமான வெடிப்பு உண்டாகும். இதன் வரலாற்று எடுத்துக்காட்டு நம் நாட்டிலேயே நடந்தது. பிரிட்டிஷ் இந்தியப் படையின் பித்தளைத் தோட்டா உறைகள் மழைக்காலத்தில் குதிரை லாயங்களுக்கு அருகே வைக்கப்பட்டபோது வெடிப்பு கண்டன. லாயத்து அம்மோனியாவே காரணம் என்று 1921-ல் விளக்கப்பட்டது.

துடைக்கவே கூடாத பூச்சுகள்

• த்ராட்டில் தட்டின் விளிம்பைச் சுற்றியும் அது உட்காரும் துளைச் சுவரிலும் சிலவற்றில் கருஞ்சாம்பல் நிற மாலிப்டினம் டைசல்பைடு பூச்சு இருக்கும். பார்த்தால் கரிப்படிவு போலவே தெரியும். காற்று கசியாமல் அடைப்பதற்காகத் தொழிற்சாலையில் பூசியது. சுரண்டிவிட்டால் ஐட்லிங் வேகம் கட்டுக்குள் வராது. சில த்ராட்டில் பாடிகளில் சுத்தம் செய்யாதே என்று தயாரிப்பாளரே ஒட்டுச்சீட்டு ஒட்டியிருப்பதற்குக் காரணம் இதுதான்.

• எஸ்.யு. வகைக் கார்புரேட்டரில் பிஸ்டனும் உறிஞ்சு அறையும் ஒன்றுக்கொன்று பொருத்திச் செய்த இணை. மெட்டல் பாலிஷோ உப்புத்தாளோ படக் கூடாது, கரைப்பான் துணி மட்டும்.

படலம் போய்விட்டால்

வீட்டில் டைகுரோமேட் வாங்கிக் கரைத்து முக்கலாம் என்ற யோசனையைத் தேர்விலும் எழுதாதீர்கள், பட்டறையிலும் செய்யாதீர்கள். அறுமதிப்புக் குரோமியம் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதிசெய்யப்பட்ட முதல் தொகுதியில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையால் வைக்கப்பட்டுள்ளது. தோலில் பட்டால் ஆறாத புண், மூக்கின் நடுச்சுவரில் துளை ஆகியவை இந்தத் தொழிலாளர்களிடம் நெடுங்காலமாகக் காணப்பட்ட பாதிப்புகள். ராணிப்பேட்டையில் இதே சோடியம் டைகுரோமேட் வகைச் சேர்மங்களைத் தயாரித்த ஆலை 1990-களில் மூடப்பட்டது. அது விட்டுச்சென்ற கழிவு 1 லட்சம் டன்னுக்கும் மேல். ஆலை மூடிய பிறகும் அந்தக் கழிவிலிருந்து குரோமியம் கசிந்து அப்பகுதி நிலத்தடி நீர் கெட்டது. பாலாற்றுப் படுகையில் குடிநீருக்காகப் போராடும் மக்களை நினைத்தால், ஒரு கார்புரேட்டரின் அழகுக்காக ஒரு வாளி டைகுரோமேட்டைச் சாக்கடையில் கொட்டுவதை ஏற்க முடியாது.

• குடிநீரில் குரோமியத்துக்கான இந்தியத் தர வரம்பு (ஐ.எஸ். 10500): லிட்டருக்கு 0.05 மில்லிகிராம்.

• டைகுரோமேட் கரைசல் ஆரஞ்சு நிறம், மும்மதிப்புக் குரோமியம் பச்சை. அறுமதிப்பைக் கண்டறியும் வினைப்பொருள் டைஃபினைல்கார்பசைடு, செவ்வூதா நிறம் தரும்.

• ஐரோப்பிய ஒன்றியத்தில் அறுமதிப்புக் குரோமியத்துக்குக் கட்டுப்பாடு: மின்னணுப் பொருள்களில் 2006 ஜூலை 1 முதல் (வரம்பு 0.1 சதவீதம்), வாகனங்களில் அரிமானக் காப்புப் பூச்சுகளுக்கு 2007 ஜூலை 1 முதல்.

• மாற்று வழி: முலாம் பூசும் நிலையத்தில் மும்மதிப்புக் குரோமியப் படலம் ஏற்றச் சொல்வது. அதுவும் முடியாதபோது வெற்று உலோகத்தை உலர்வாக வைத்து எண்ணெய்ப் பூச்சைப் புதுப்பித்து வருவது. பொன்னிற ஸ்பிரே பெயின்ட் நிறத்தைத் தரும், காப்பைத் தராது. பெட்ரோல் பட்டால் உரிந்து ஜெட்டையும் அடைக்கும்.

இரு சக்கர வாகனத்திலிருந்து கார்புரேட்டர் விடைபெற்றாலும் பவர் ஸ்பிரேயர், புல்வெட்டும் இயந்திரம், சிறு ஜெனரேட்டர், பெட்ரோல் பம்ப்செட் ஆகியவற்றில் இன்னும் அது ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. இவற்றின் புதிய உடல்களில் மும்மதிப்புப் படலமே அதிகம். அது வெளிர் நீலமாகவோ நிறமற்றோ இருக்கும், வெப்பத்தைக் கூடுதலாகத் தாங்கும், ஆனால் கீறலில் தானே ஆறும் தன்மை அறுமதிப்பு அளவுக்கு இல்லை. பொன்னிறம் தெரியவில்லை என்பதால் காப்பே இல்லை என்று முடிவுகட்டி இவற்றை அமிலத்தில் போட்டுவிடக் கூடாது. மேலே சொன்ன பி.எச். எல்லையும் நைலான் தூரிகையும் இவற்றுக்கும் பொருந்தும்.